பூ வைத்த போட்டோ

செல்லூரில் ஒரு சந்துக்குள் இருக்கிறது நான் வேலை பார்க்கும் கிளை நூலகம். வாடகைக் கட்டடம். இருபுறமும் விசைத்தறிச் சத்தம். ஆள் வரவில்லை என்றால் பக்கத்துக் கிளையோடு சேர்த்துவிடுவோம் என்று மேலதிகாரி போனில் சொன்னார். பிறகு யோசனையும் சொன்னார். "வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிங்கம்மா. இப்ப எல்லாரும் அதுலதான் இருக்காங்க. புத்தகத்த போட்டோ எடுத்துப் போடுங்க, வாசகர் தானா வருவாங்க."

ஆரம்பித்தேன். பழைய உறுப்பினர் அட்டைகளில் இருந்த எண்களை எல்லாம் சேர்த்தேன். புது நாவலின் அட்டையைப் போட்டால் மறுமொழியாகக் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வரும். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். சிறுவர் புத்தகம் வந்திருக்கிறது என்று போட்டேன். வரிசையாகக் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஒரு பிள்ளைகூட வரவில்லை. கட்டைவிரலை வருகைக் கணக்கில் எழுத முடியாது.

உண்மையில் வந்தவர் ஒரே ஒருவர். ஓய்வுபெற்ற டவுன் பஸ் டிரைவர், மனைவி இல்லாதவர், மகன் திருப்பூரில். நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நிற்பார். ஜன்னலோர நாற்காலி அவருடையது. பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை எனக்குக் கேட்கும்படி சத்தமாகப் படிப்பார். "தாயி, சோழவந்தான் ரோட்டுல பாலம் கட்டப் போறாய்ங்களாம். நான் பஸ் ஓட்டுன காலத்துலயும் இதத்தான் சொன்னாய்ங்க" என்பார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவார். அந்த நேரம் நான் தனியாக டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும். வீட்டிலும் நான் தனிதான். அதை இங்கே நீட்டி எழுத விருப்பமில்லை.

புத்தகத்தின் படத்துக்கு வராதவர்கள் மனிதரின் படத்துக்காவது வருவார்கள் என்று நினைத்தேன். அவரிடம் கேட்டதற்கு, "போடு தாயி, எனக்கென்ன" என்றார். ஆனால் போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய உறுப்பினர் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த பாஸ்போர்ட் படத்தைப் போனில் எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படம். சும்மா போட்டால் நன்றாக இருக்காதே என்று மூலைக்கு ஒரு வெள்ளைப் பூ வைத்து, கீழே 'நமது மூத்த வாசகர்' என்று எழுதி அனுப்பினேன்.

மதுரைக்காரிதான் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் உயிரோடு இருப்பவருக்கு ஒட்டும் போஸ்டரில் கூலிங்கிளாஸ் இருக்கும், பின்னால் சிங்கம் நிற்கும். பாஸ்போர்ட் படமும் வெள்ளைப் பூவும் என்றால் அர்த்தம் ஒன்றுதான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று எவன் படிக்கிறான்?

கொஞ்ச நேரத்தில் குரூப் முழுக்கக் கூப்பிய கைகள். என்ன மரியாதை என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் வாசலில் செருப்புகள் சேர்ந்துவிட்டன. அம்புட்டு ஆட்களை அந்த நூலகம் என் காலத்தில் பார்த்ததில்லை. முன்னால் நின்ற டீக்கடைக்காரர் கையில் ரோஜா மாலை.

"எப்ப எடுக்குறாக தாயி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எத?"

"அண்ணனத்தான். வீடு பூட்டிக் கெடக்கு. அதான் இங்கிட்டு வந்தோம்."

ஜன்னலோரத்தில் விரிந்திருந்த பேப்பர் கீழே இறங்கியது. "யார்ரா செத்தது?" என்றார் டிரைவர்.

டீக்கடைக்காரர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பின்னாலிருந்து ஒருவன், "மாப்ள, செத்தவரு பேப்பர் படிக்கிறாருடா" என்றான். அவ்வளவுதான், கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. டிரைவரும் சிரித்தார். "மாலைய வீணாக்காத. சாமி படத்துக்குப் போட்டுட்டுப் போ" என்றார்.

வந்தவர்களில் ஒருவர் என்னிடம், "இங்கன இன்னமும் லைப்ரரி இருக்கா? மூடிட்டாகன்னுல்ல நெனச்சோம்" என்றார். அந்தக் குரூப்பில் தினமும் பூ அனுப்புகிறவர் அவர். இன்னொருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருவர் போனுக்குச் சார்ஜ் போட முடியுமா என்றார். அலமாரிப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. சாவுக்கு வரத் தெரிகிறது, புத்தகத்துக்கு வரத் தெரியவில்லை.

படம் திருப்பூர் வரை போயிருந்தது. மகன் அடித்துப்பிடித்து வந்துவிட்டான். அப்பன் உயிரோடு இருப்பதைப் பார்த்துத் தெருவிலேயே அழுதானாம். கையோடு பெரிய போன் ஒன்றும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். தினமும் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம்.

டிரைவர் அந்தப் போனை எடுத்துக்கொண்டு வந்தார். "என்னையும் குரூப்புல சேத்து விடு தாயி." சேர்த்துவிட்டேன். "பேப்பர் பூரா இதுலயே வருது. எழுத்தப் பெருசாக்கிக்கிரலாம். கண்ணாடியே வேணாம்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நல்லதுண்ணே" என்றேன்.

"வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

மேலதிகாரி போன் செய்தார். எங்கள் குரூப்பில் நடமாட்டம் நன்றாக இருக்கிறதாம். மற்ற கிளைகளுக்கு எங்களைத்தான் உதாரணமாகச் சொல்கிறாராம். "இப்போதைக்குச் சேர்க்கல, உங்க கிளை இருக்கட்டும்மா. இப்படியே போட்டுக்கிட்டு இருங்க" என்றார். ஆள் வருகிறார்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றும் ஷட்டரைத் தூக்கியதும் பேப்பரை ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால் விரித்து வைத்தேன். புதிதாக வந்த புத்தகம் ஒன்றைப் படமெடுத்துப் போட்டேன். முதல் கட்டைவிரல் அவருடையதுதான். தினமும் அவர்தான் முதல். "அண்ணே, பேப்பர் வந்திருக்கு" என்று அவருக்குத் தனியாக அனுப்பினேன்.

அதற்கும் ஒரு கட்டைவிரல் வந்தது.