நாற்பத்திரண்டு தாள்களும் ஒரு மேக்ரோவும்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த வாரத்தில்தான் என் முதுகலை ஆய்வேட்டின் பின்னிணைப்பைக் கோப்பாகச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. கல்வராயன் மலைப் பாடல்கள் நாற்பத்திரண்டு. பாடலுக்கு ஒரு தாளாக எக்செல் கோப்பு. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் சூத்திரங்கள் அதில் இருந்தன. அவை எண்ணிய பாடல் வரிகள் அடங்கிய மூலக் கோப்போ மணலூர்பேட்டையில், என் வீட்டு மடிக்கணினியில் தங்கிவிட்டது. நான் கள்ளக்குறிச்சி விடுதியில். இடையே சாலை மறியல், பேருந்து இல்லை.

கோப்பைத் திறந்ததும், இணைப்புகளைப் புதுப்பிக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். வேண்டாம் என்றால் எண்கள் நிற்கும். ஆம் என்றால் மூலக் கோப்பைத் தேடிக் காணாமல் எண்களெல்லாம் பிழைக்குறியாகிவிடும். எங்கள் துறையில் எந்தப் பெட்டி கேட்டாலும் படிக்காமல் ‘ஆம்’ அழுத்துவதே வழக்கம். முந்தைய நாள் என் வகுப்புத் தோழன் அவ்வாறு அழுத்தியதில் ஒரு பிரதி பாழாயிற்று. பென்டிரைவில் இன்னொன்று இருந்ததால் தப்பித்தேன். அதை அப்படியே கொடுத்தால் தேர்வாளரின் மேசையிலும் இதுவே நடக்கும். ஓராண்டு உழைப்பு பிழைக்குறிகளாகப் போய்ச் சேரும். சூத்திரங்களை நீக்கி, அவை தந்த எண்களை மட்டும் நிறுத்த வேண்டும்.

“பன்னெண்டு அடிச்சா பூட்டிருவேன் பாப்பா. மறியல் பெருசாவுதுன்னு எல்லாரையும் வூட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்க” என்றார் கோப்புகளைப் பெற்றுக்கொள்ளும் கணினி அறை உதவியாளர் அம்மா. காலை மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது; சமர்ப்பிக்க அதுவே கடைசி நாள்.

ஒவ்வொரு தாளாக நகலெடுத்து, மதிப்புகளை மட்டும் ஒட்டத் தொடங்கினேன். மூன்றாம் தாளில் இடம் தவறி ஒட்டி, அதை நீக்கி மீண்டும் ஒட்டினேன். ஐந்தாவதை முடித்தேனா என்றே ஐயம் வந்தது. கையை நம்புவதை விட்டு, மேக்ரோ பதிவைத் தொடங்கி, முதல் தாளில் ஒருமுறை செய்துகாட்டி நிறுத்தினேன். நாம் செய்வதைக் கணினி பார்த்து எழுதிக்கொண்டு, ஏவும்போது தானே திரும்பச் செய்யும் வசதி அது.

“கையாலயே ஒட்டிக்கினு போயிருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும். தமிழ் படிக்கிற பொண்ணுக்கு மேக்ரோ இன்னாத்துக்கு?” என்றான் பக்கத்துக் கணினியில் இருந்த தோழன்.

ஆறாம் தாளில் நின்று மேக்ரோவை ஏவினேன். அது என்னை முதல் தாளுக்குத் தூக்கிக்கொண்டு போனது. ஏழாவதிலிருந்து ஏவினாலும் முதல் தாள்தான்.

“பாரு, அதுவும் வூட்டுக்கே ஓடுது!” அவன் சிரித்தான்.

மேக்ரோ எழுதிவைத்திருந்ததைத் திறந்தேன். ஆங்கிலத்தில் ஏழெட்டு வரிகள். செய்யுளுக்குப் பதவுரை எழுதுவதுபோல் சொல் சொல்லாகப் பொருள் கொண்டேன். முதல் வரியில் முதல் தாளின் பெயர் இருந்தது. பதிவு தொடங்கிய பிறகு அந்தத் தாளைச் சொடுக்கியிருக்கிறேன். அதையும் விடாமல் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த வரியை அழித்தேன். மற்ற வரிகளில் எந்தத் தாளின் பெயரும் இல்லை. நான் எந்தத் தாளில் நிற்கிறேனோ, இனி அதிலேயே அது வேலை செய்யும்.

மீண்டும் ஆறாம் தாள். ஏவிவிட்டு ஒரு கட்டத்தைச் சொடுக்கினேன். நீண்ட சூத்திரம் இருந்த இடத்தில் 17 என்று மட்டும் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன், அந்த அறையில் என் சிரிப்பை அதுவரை எவரும் கேட்டதில்லை. மேக்ரோ, அடுத்த தாள். மேக்ரோ, அடுத்த தாள். நாற்பத்திரண்டும் முடிந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடங்கள் இருந்தன.

மேக்ரோ வரிகளைத் தனியே என் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு, மேக்ரோ இல்லாத சாதாரணக் கோப்பாகச் சேமித்துக் கொடுத்தேன். உதவியாளர் அம்மா தம் கணினியில் திறந்தார். விரல் ‘ஆம்’ அழுத்தத் தயாராக நின்றது.

“இன்னா பாப்பா, ஒண்ணுமே கேக்கல?”

“கேக்காதுங்கம்மா. எல்லா எண்ணும் உள்ளயே இருக்குதுங்க.”

அவர் ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். ஒரு பிழைக்குறியும் இல்லை. நான் பதிவேட்டில் கையெழுத்திட்டு நிமிர்ந்தபோது தோழன் தன் பென்டிரைவை நீட்டிக்கொண்டு நின்றான்.

“எனுதுலயும் அத்த ஓட்டிக் குடேன். பதினெட்டு தாளு கீது.”

கடிகாரத்தைப் பார்த்தேன்.

“நவுருப்பா” என்று அவன் நாற்காலியில் அமர்ந்தேன். “ஆறு நிமிஷம் இருக்குது. அதுவே ஜாஸ்தி.”