நோன்பு நாளில் சுட்ட பணிஸ்

உப்புப் போட்டோமா, இல்லையா என்ற ஐயம் மபாஸாவுக்கு எழுந்தபோது பிற்பகல் மூன்றரை மணி இருக்கும். மா அப்போது பாதி பிசைந்தாகிவிட்டது. பாலும் முட்டையும் மாஜரீனும் சேர்ந்த கலவை, விரல்களில் ஒட்டுவதா விடுவதா என்று தீர்மானிக்காமல் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை நிறுத்தி, உப்புப் போத்தலைப் பார்த்தாள். மூடி திறந்திருந்தது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய இயலாது. சற்று முன்னர்தான் நோன்புக் கஞ்சிக்கும் அதே போத்தலிலிருந்து உப்பு அள்ளியிருந்தாள்.

வாயில் வைத்தால் தெரிந்துவிடும். நோன்பு வாயில் எப்படி வைப்பது? தேவையானால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம் என்று பள்ளிவாசல் ஹஸரத் பயானில் சொன்னதை அவளும் கேட்டிருக்கிறாள். ஆயினும், பன்னிரண்டு வயதில் பிடித்த முதல் நோன்பு தொடங்கி இந்த ஐம்பத்து மூன்றாம் வயது வரை அவள் அப்படிச் செய்ததில்லை. இன்று செய்யலாமா என்று யோசிப்பதற்குக்கூட அவளிடம் தெம்பு இருக்கவில்லை.

நோன்பு நோற்காத ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். அவருக்கோ நாக்கிருந்தும் சுவையில்லை.

கணவர் மஹ்ரூப் முப்பது ஆண்டுகளாகப் பல்லேபொலவிலும் யட்டவத்தையிலும் வீட்டுத் தோட்டங்களுக்குச் சென்று மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி, மாத்தளை நகரக் கடைகளுக்குக் கொடுத்தவர். ஒரு மிளகைக் கடித்தால் போதும், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். மிளகு கடிக்காத நேரமெல்லாம் அந்த வாயில் வெற்றிலை இருந்தது. சென்ற ஆண்டு வலக்கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணொன்று வந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன் பின் முப்பத்து மூன்று நாள் கதிர்ச் சிகிச்சை. புண் போயிற்று. அதனோடு உமிழ்நீரும் சுவையும் போயின. சுவை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். ஐந்து மாதங்களாகக் கணவர் எதைத் தின்றாலும் மபாஸா “எப்பிடி ஈக்குது?” என்று கேட்பாள். “கடதாசி” என்பார் அவர். சில நாள்களில் “நனஞ்ச கடதாசி.”

அறுபத்தெட்டுக் கிலோ இருந்த மனிதர் இப்போது நாற்பத்து மூன்று. அடுத்த திங்கட்கிழமை கிளினிக்கில் நிறுக்கும்போது நாற்பத்திரண்டுக்குக் கீழே போயிருந்தால், வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும் பஸ்ஸில் மஹ்ரூப், “டியூப் போட்டு ஊத்துறத்துக்கு நான் என்ன தண்ணித் தாங்கியா?” என்றார். அதற்கு அவளால் சிரிக்க முடியவில்லை.

சோறு வாயைக் கீறிற்று. கடைப் பாண் ரொட்டியின் கரை அறுத்தது. இடியப்பம் வறண்ட தொண்டையில் ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் சுதர்சினி, பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர், ஒரு நாள் தான் வீட்டில் சுட்ட பஞ்சு போன்ற சிறு பன்னான பணிஸ் இரண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்றை மஹ்ரூப் முழுவதுமாகத் தின்றார். சுவைக்காக அன்று, வலிக்கவில்லை என்பதற்காக. அன்றிலிருந்து மபாஸா நாள்தோறும் பணிஸ் சுடுகிறாள். ஒரு கரண்டி மாவைப் பாலில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவிட்டு, அதைச் சேர்த்துப் பிசைந்தால்தான் அந்த மென்மை வரும் என்பதைச் சுதர்சினியிடம் கற்றுக்கொண்டாள். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் மாஜரீன் பூசி, ஈரத்துணியால் மூடிவிட வேண்டும். அப்போதுதான் மேற்றோல் பதமாகும்.

நோன்பு வந்தபின் இதுவும் பாரமாயிற்று. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை. பகலில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மருந்துப் பாலைக் குடிப்பார். ஆனால், மனைவி பசித்திருக்கத் தான் மட்டும் உட்கார்ந்து தின்ன மாட்டேன் என்று பணிஸை மாலைப் பாங்கு சொல்லும்வரை தொடுவதில்லை. அவள் விடியுமுன் ஸஹர் உணவுக்கு எழுந்தவள், பிறகு படுக்கவேயில்லை. துணி துவைத்து, மருந்து கொடுத்து, கஞ்சி வைத்து, மாப் பிசையக் குந்தினால் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தன்னைச் சொல்லிக்காட்டும்.

மாப் படாத இடக்கையால் தொலைபேசியை எடுத்துச் சுதர்சினியை அழைத்தாள்.

“மிஸ், உப்புப் போடாட்டி மா எப்பிடி ஈக்கும்?”

“ஏனக்கா, போடேல்லையோ?”

“அதுதான் தெரியல்ல.”

“கொஞ்சம் வாயில வைச்சுப் பாருங்கோவன்... ஐயோ, நோன்பெல்லோ! மறந்துபோனன்.”

“நானும்தான் மறந்துட்டேன். ரெண்டு பேரும் நல்ல ஜோடி.”

“உப்பில்லாட்டில் கையில ஒட்டும், கெதியாப் பொங்கும். நான் அஞ்சு மணி பஸ்ஸிலதான் வருவன், வந்து வாயில வைச்சுச் சொல்லட்டே?”

“அதுவரைக்கும் வெச்சா அது பணிஸ் இல்ல மிஸ், பலூன்.”

அறையிலிருந்து மஹ்ரூபின் தடித்த குரல் கேட்டது. “புள்ள, ஆருக்குப் பலூன்?”

“ஒங்களுக்குத்தான். பெருநாளைக்கு.”

அவள் மாவை மீண்டும் அழுத்திப் பார்த்தாள். ஒட்டியது. ஆனால் அது தினமும் ஒட்டுகிற மாதான். இனியும் ஒரு கரண்டி உப்பைப் போட்டு, முன்னரும் போட்டிருந்தால்? கதிர் பட்ட ரணம் இன்னும் ஆறாத அந்த வாயை அது எரித்துவிடும். இன்றைக்கும் நாளைக்கும் ஒரு கவளம் உள்ளே போகாது. திங்கட்கிழமைக்கு இடையில் இரண்டு நாள்கள்தாம் இருந்தன. போடாமலேயே விட்டிருந்தால் என்ன கெட்டுப்போகும்? அவருக்குத் தெரியப்போவதில்லை.

அவருக்குத் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு எவ்வளவு எளிதாகத் தன் மனத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை எண்ணியபோதுதான், தான் எவ்வளவு களைத்துப்போயிருக்கிறாள் என்பது மபாஸாவுக்குப் புரிந்தது. போத்தலின் மூடியை இறுக்கி மூடினாள்.

மா அன்று அவசரமாகத்தான் பொங்கியது. வெயிலாக இருக்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒன்பது உருண்டைகளாக உருட்டி, பக்கங்கள் தோலாகிவிடாதபடி ஒன்றையொன்று தொட்டிருக்குமாறு தட்டில் அடுக்கினாள். மகள் றிப்னா திருமணமாகி அக்குறணைக்குப் போகும்போது விட்டுச் சென்ற சிறிய மின் அடுப்புக்குள் தட்டை வைத்துவிட்டு, குசினிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மணம் வந்தபோது எடுத்தாள். ஈரத்துணியால் மூடினாள்.

பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தாலும் ஒரு மிடறு தண்ணீராலும் நோன்பைத் திறந்தாள். கஞ்சிக் கோப்பையை எடுத்து மளமளவென்று பாதியைக் குடித்தாள். எதிரே மஹ்ரூப் பணிஸைப் பிய்த்து, இடப்பக்கமாக ஒதுக்கி, மெதுவாக மென்றார். எப்பிடி ஈக்குது என்று அவள் கேட்கவில்லை. ஒரு வாரமாகவே கேட்பதை விட்டுவிட்டாள்.

“புள்ள.”

“ம்.”

“இதுக்கு உப்புப் போட்டியா?”

கோப்பை அவள் கையிலேயே நின்றது. “ஏன்?”

“ஏனா? சப்பெண்டு ஈக்குது.”

“கடதாசி மாதிரியா?”

அவர் இன்னொரு துண்டைப் பிய்த்து வாயிலிட்டார். மிளகு கடிக்கும் நாள்களில் செய்வதைப் போலவே ஒரு கண்ணைச் சுருக்கினார். “இல்ல. உப்பில்லாத பணிஸ் மாதிரி.”

மபாஸா ஒன்றை எடுத்துக் கடித்தாள். உண்மைதான். ஒரு கல் உப்பும் அதில் இல்லை.

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள்.

“உப்பில்லண்டு செல்றேன், நீ அல்ஹம்துலில்லாஹ் எண்டு செல்றாய்?”

அவள் பணிஸ் தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த பணிஸைப் பார்த்தார். தாம் சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்கும் விளங்கிற்று. அடுத்த துண்டைக் கஞ்சியில் தோய்த்து வாயில் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

“அடியே, பணிஸுட உப்பயும் கஞ்சியிலயா கொட்டின?”

பாதிக் கோப்பையைக் குடித்துமுடித்த அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இப்போது ஒரு வாய் நிதானமாகக் குடித்துப் பார்த்தாள். கரித்தது. அந்தக் கஞ்சியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். உப்பில்லாத பணிஸை உப்புக் கூடிய கஞ்சியில் தோய்த்து, எரியுது, எரியுது என்று சொல்லிக்கொண்டே அவர் மூன்று பணிஸ் தின்றார். அவள் மஃரிப் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த ஸுஜூதிலிருந்து எழுவதற்குச் சற்று அதிக நேரம் பிடித்தது. முதுகும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை தராசு நாற்பத்திரண்டரை காட்டிற்று. குழாய் இப்போது வேண்டாம், இரண்டு கிழமை கழித்துப் பார்ப்போம் என்றார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு மட்டுமே இருக்கை கிடைத்தது. நோன்போடு மாத்தளை வரை நின்றுகொண்டே வந்தாள். இரண்டு கிழமை என்பது பதினான்கு தட்டுப் பணிஸ் என்று மனம் தானாகவே கணக்கிட்டது. உப்பு மட்டுந்தான் அவருக்குத் தெரிந்தது. சீனி தெரியவில்லை, வீட்டில் மிளகொன்றைக் கடித்துப் பார்த்தவருக்கு எரிவைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவள் கூழ் காய்ச்சும்போது மஹ்ரூப் அறையிலிருந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, குசினி வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்.

“உப்பக் கூழிலயே போடு. காய்ச்சினத்த நான் பாத்துச் செல்றேன். ஊட்டில நோம்பில்லாத ஆள் நான் ஒருத்தன்தானே.”

அவள் கூழை ஒரு தேக்கரண்டியில் எடுத்து, ஊதி ஆற்றி நீட்டினாள். அவர் ஒரு கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் நாக்கில் வைத்திருந்தார்.

“காணாது.”

ஒரு சிட்டிகை போட்டாள். கலக்கி, மறுபடியும் நீட்டினாள்.

“இன்னொரு துளி.”

போட்டாள்.

“போதும். நிப்பாட்டு.”

அவள் போத்தலை மூடி வைத்துவிட்டு, மாப் பாத்திரத்தை இழுத்துக்கொண்டு குந்தினாள். முதுகு வலித்தது. அவர் அறைக்குத் திரும்பிப் போகவில்லை. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.