பிரேக் சரியில்லாத வண்டி

அப்பா கார் வாங்கப் போகிறார் என்று தெரிந்த அன்று மாலையே பம்பாய் செம்பூர் காலனி முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். அது அமெரிக்கக் கார் என்று தெரிந்ததும் விட்டுப்போன வீடுகளுக்கும் போய்ச் சொன்னேன். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு.

மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தின் கராஜில் அந்தக் கார் விற்பனைக்கு நிற்பதாக அலுவலகத்தில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு குழம்பில் உப்பு இல்லாததைக்கூடக் கவனிக்கவில்லை. அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னாள்.

“எந் தங்கச்சி வந்து பாக்கட்டும். அவ சரின்னா வாங்குங்க. இல்லன்னா இந்த வீட்டுல அந்தப் பேச்சே கூடாது.”

சித்தி இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைச் சுற்றிப் பார்த்து, எது விபத்தில் உடைந்தது, எது விபத்தைச் சாக்கு வைத்து உடைக்கப்பட்டது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. வண்டி விஷயத்தில் அவள் வாயிலிருந்து பொய் வராது. சொந்தக்காரர் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் புதுக் கார் என்று ஒன்றைப் பூமாலை போட்டு நிறுத்தியிருந்தபோது, பின் கதவு வேறு வண்டியிலிருந்து கழற்றிப் போட்டது என்று சபையிலேயே சொன்னவள். கல்யாணம் நின்றுவிடும் போலாகிவிட்டது. பெரியவர்கள் எவ்வளவு கேட்டும் அவள் பின்வாங்கவில்லை. “நான் கதவைப் பத்தித்தானே சொன்னேன்? மாப்பிள்ளையப் பத்தி ஒண்ணும் சொல்லலயே” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்த கையோடு அப்பாவும் சித்தியும் நானும் ரயிலேறி, குர்லாவில் மாறி மாட்டுங்கா போனோம். வழியெல்லாம் அந்தக் காரை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். படங்களில் பார்த்த அமெரிக்கக் கார்கள் சிவப்பாக இருக்கும், பின்னால் இறக்கை இருக்கும், முன்னால் பல் காட்டிச் சிரிக்கும்.

கராஜ் கதவைத் திறந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிஸ்கட் நிறம். இறக்கை இல்லை, பளபளப்பு இல்லை. அந்த நீளத்துக்கு இரண்டே கதவு. கூரை பின்பக்கமாகச் சரிந்து, அலட்டல் இல்லாமல் முடிந்துவிட்டது. காலனியில் யாரிடம் இதைக் காட்டுவது?

“எப்படி?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார், தொட்டிலில் தூங்கும் பிள்ளையைக் காட்டுவதுபோல.

சித்தி கைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தம், டார்ச், சின்னக் கண்ணாடி மூன்றையும் எடுத்தாள்.

வண்டி அந்த வீட்டு மாமியுடையது. பாலக்காட்டுக் குடும்பம். மாமி வயதுப் பெண்ணாக இருந்த காலத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் செக்ரட்டரி. ஊர் திரும்பிய அமெரிக்க மேனேஜரிடமிருந்து அவளே வாங்கியது. அவள் கணவருக்கு ஓட்டத் தெரியாது. உயரமான, சாந்தமான பெரியவர். மாமி சாவி எடுக்க மாடிக்குப் போனபோது அவர் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“எத்தனையோ பேர் வந்து பாத்துட்டுப் போயாச்சு. விளம்பரம் கொடுக்கறதும் அவதான், வந்தவாளை விரட்டறதும் அவதான். இன்னிக்காவது முடிச்சுடுங்கோ சார்.”

சித்தி கீழே பாய் விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். வெளியே வந்து ஒவ்வொரு இடமாகக் காந்தத்தை வைத்துப் பார்த்தாள். தகரம் நல்ல தகரமாக இருந்தால் காந்தம் ஒட்டும்; பட்டி பூசி மறைத்திருந்தால் விழுந்துவிடும். வலது பின் சக்கரத்துக்கு மேலே அது நழுவியது.

“இங்க பட்டி இருக்கு” என்றாள் சித்தி.

“இருக்கும். ஒரு வருஷம் மழையில ஒரு மரக்கிளை விழுந்தது” என்றாள் மாமி. படியிறங்கி வந்தவள் வண்டியின் மேல் ஒரு கையை வைத்தபடியே அதைச் சுற்றி வந்தாள். “வேற எங்கயும் கிடையாது. தேடிப் பாத்துக்கோங்கோ.”

சித்தி தேடினாள். தரைவிரிப்பைத் தூக்கினாள், கதவை இருபது தடவையாவது திறந்து மூடினாள், எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தாள். மாமியும் விடாமல் பக்கத்திலேயே நின்றாள். முன் கண்ணாடியில் ஒரு கீறல் என்று சித்தி சொன்னதற்கு, “கீறல் இல்லை, துடைக்காத அழுக்கு” என்று சண்டைக்கு வந்தாள். துடைத்துப் பார்த்தார்கள். கீறல்தான். மாமி முகம் சிவந்துவிட்டது. இரண்டு பேரில் யார் முதலில் களைத்துப்போவார்கள் என்று அப்பாவும் பெரியவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நின்ன வண்டியப் பாத்தாச்சு. ஓடுத வண்டியப் பாக்கணும்லா” என்றாள் சித்தி.

“பாக்கலாமே. ஆனா நான்தான் ஓட்டுவேன்.”

பெரியவர் வரவில்லை. முழங்கால் வலி என்றார். அப்பாவும் சித்தியும் முன் சீட்டின் முதுகை மடக்கிவிட்டுப் பின்னால் புகுந்துகொண்டார்கள். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது, நம் ஊர் வண்டிக்கு நேர்மாறாக. மாமி என்னைத் தன் வலது பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“இந்த வண்டியில பக்கத்துல உக்காந்திருக்கறவாதான் கண்ணு. எதிர்ல என்ன வரதுன்னு நீதான் எனக்குச் சொல்லணும். சொல்வியா குழந்தே?”

இந்தப் பதவிக்குப் பிறகு பிஸ்கட் நிறம் எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

வண்டி சத்தமே இல்லாமல் கிளம்பியது. ஃபைவ் கார்டன்ஸ் பூங்காப் பக்கம் ஞாயிறு காலையில் கூட்டமில்லை. மரநிழலில் மிதக்கிற மாதிரிப் போனோம். அப்பா பின்னால் ஏதோ பாட்டு முணுமுணுத்தார். மாமி முதுகை நிமிர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி ஓட்டினாள். அவள் சொல்லித்தந்த விளையாட்டு எனக்கு உடனே பிடித்துப்போனது.

“எதிர்ல?”

“ஸ்கூட்டர், மாமி!”

“சிக்னல் என்ன கலர்?”

“சிவப்பு!”

“சமத்து. மாறினதும் சொல்லு.”

“பச்சை!”

என் குரல் ஓங்க ஓங்க, பின்னால் சித்தியின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கியரைப் பற்றியும் சஸ்பென்ஷனைப் பற்றியும் கேட்டுக்கொண்டிருந்தவள், இரண்டாவது சிக்னலுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பூக்கடைகள் இருக்கும் தெருவில் திரும்பியபோது, நிறுத்தி வைத்திருந்த இரண்டு டாக்ஸிகளுக்கு நடுவிலிருந்து ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையில் இறங்கினாள். எங்களுக்கு நேர் எதிரே. மாமி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

“மாமி! ஆளு!”

மாமி காலை அழுத்தினாள். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. நான் முன்னால் போய் டேஷ்போர்டில் முட்டிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் புடவை பம்பரில் உரசியது. அவள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு பானெட்டை ஓங்கி அறைந்து, “ஆந்தளி ஆஹேஸ் கா?” என்று கத்தினாள். குருடியா நீ என்று மராத்தியில் கேட்பது. பம்பாயில் எல்லோரும் எல்லோரையும் தினம் கேட்பதுதான். அதனால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. ஆனால் மாமி பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை.

“மாமி, அத்தான் ஓட்டட்டுமே” என்றாள் சித்தி.

“வேண்டாம். என் வண்டியை நான்தான் கொண்டு விடுவேன்.”

சித்தி வாதாடவில்லை. என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்து, மாமியின் காதருகே பேச ஆரம்பித்தாள். “லெஃப்ட்ல ஒரு டாக்ஸி நிக்கி. தாண்டியாச்சு. இப்பம் மெதுவா திருப்புங்க. ரோடு காலியா இருக்கு, வாங்க வாங்க.” வண்டி நடந்து வருகிற வேகத்தில் வந்தது. கராஜுக்குள் மாமி அதை நூல் பிடித்தாற்போல் நிறுத்தினாள். என் விளையாட்டைச் சித்தி பறித்துக்கொண்டதில் எனக்குக் கோபம்.

பெரியவர் ஓடிவந்தார். “எப்படி ஓடறது?”

சித்தி காந்தத்தைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். பையை மூடினாள். பிறகுதான் பேசினாள்.

“எஞ்சின் பக்கா. பாடி பக்கா. பிரேக் சரியில்ல.”

அப்பா திகைத்துப் போனார். என்னால் பொறுக்க முடியவில்லை. “இல்ல சித்தி, டக்குனு நின்னுச்சே! என் நெத்தியப் பாருங்க!”

“நீ சும்மா இரி.” அவள் கண் மாமியை விட்டு அகலவில்லை. “இனிமே ஒரு தடவகூட இத வெளிய எடுக்கக் கூடாது, மாமி. யாருன்னாலும் சரி. வேற பிரேக் போட்டு, வேற ஆளு ஓட்டணும்.”

ஒரு கீறலைச் சொன்னதற்கே சண்டை பிடித்த மாமி, இப்போது கொதித்தெழுவாள் என்று நான் காத்திருந்தேன். மாமி பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“உங்க சித்தி சொல்றது சரிதான், குழந்தே” என்றாள் என்னிடம். “ரொம்ப நாளா எனக்கே ஒரு சந்தேகம்.”

சாவியை எடுத்துச் சித்தியின் கையில் வைத்தாள். சித்தி அந்தக் கையை உடனே விடவில்லை.

“நான் அப்பவே சொன்னேனே” என்றார் பெரியவர், முகமெல்லாம் மலர்ச்சியாக. “பழைய வண்டி, பிரேக்கை நம்பப்படாதுன்னு.”

திரும்பும் ரயிலில் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “பிரேக்கு நல்லாத்தானே பிடிச்சுது?”

“ஃபர்ஸ்ட் கிளாஸ் பிரேக், அத்தான். அவங்க கேட்ட விலையக் கொடுத்து எடுங்க. ஒரு ரூவா குறைக்கப்படாது.”

எனக்குத் தலை சுற்றியது. குறை சொன்னால் விலை குறையும் என்பது மார்க்கெட்டில் அம்மா வெண்டைக்காய் வாங்குவதைப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இல்லாத குறையைச் சொல்லிவிட்டு முழு விலையும் கொடுக்கச் சொல்கிறாளே, இவளுக்கு யார் வேலை கொடுத்தார்கள்?

அடுத்த வாரம் வண்டியை எடுக்கப் போனபோது சித்தி கயிறு கட்டி இழுக்கும் லாரி ஒன்றை வரவழைத்திருந்தாள். தானே ஓட்டிவரலாம் என்று புதுச் சட்டை போட்டு வந்திருந்த அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

“நல்லா ஓடுற வண்டிய எதுக்கு சித்தி இழுத்துட்டுப் போறோம்?”

“மெல்லப் பேசு. மாமி மேல நிக்காங்கல்லா.”

நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் மாமி நின்றிருந்தாள். லாரி உறுமிக் கிளம்பி, பிஸ்கட் நிறக் கார் அதன் பின்னால் வாயிலைத் தாண்டியது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். மாமி திரும்பக் கையசைக்கவில்லை. வண்டியில்லாத கராஜ் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். மாமி எங்களைப் பார்க்கக்கூட இல்லை, இதற்குப் போய்ச் சித்தி லாரிக்காரனை வரவழைத்தாளே என்று நினைத்துக்கொண்டேன்.