கடைசி இடத்து ஃபுசாயே

கனசவா மீன் சந்தையில் நண்டு விற்கும் ஃபுசாயேவின் குரல் நாலு கடை தாண்டிக் கேட்கும். அதே ஃபுசாயே, தோழி இட்சுகோ வீட்டுத் தேநீர் அறைக்குள் குனிந்து நுழைந்துவிட்டால் வாயில் கொழுக்கட்டைதான். முப்பது வருஷமாக அங்கே அவள் விரும்பி உட்கார்ந்தது கடைசி இடத்தில். கடைசியாக வருகிறவள் கதவைச் சத்தம் வரச் சாத்த வேண்டும். எல்லோரும் வந்தாயிற்று என்று வீட்டுக்காரிக்கு அதுதான் அடையாளம். கெட்டித் தேநீர் ஒரே கிண்ணத்தில் கைமாறி வரும்; மிச்சத்தைக் காலி செய்வதும் அவள் வேலை. சுவரில் தொங்கும் எழுத்தோவியத்தைப் புகழ்வது, கிண்ணத்தின் பூர்வீகம் கேட்பது எல்லாம் முதல் இடத்து விருந்தாளியின் பாடு. அந்த வம்பே வேண்டாம் என்றிருந்தாள்.

ஒரு பிப்ரவரியில் இட்சுகோ தேநீர் விருந்து வைத்தாள். வலது மணிக்கட்டு முறிந்து தேறிய பிறகு இதுதான் முதல் விருந்து.

"இன்னைக்குக் கை சொதப்பிச்சுன்னா இந்த அறையைப் பூட்டிடுவேன்டி."

"நான் இருக்கேன்ல, ஒண்ணும் ஆகாது" என்று வாக்குக் கொடுத்தாள் ஃபுசாயே.

முதல் இடத்துக்கு வர வேண்டிய கோயில் குரு, பனியில் ரயில் நின்று வழியில் மாட்டிக்கொண்டார். மிச்சம் நாலு பேரும் நீ போ நான் போ என்று ஒருவரையொருவர் தள்ளினார்கள். இந்த ஆட்டத்தில் மருந்துக்கடை நெமோடோ அம்மாவை யாரும் ஜெயித்ததில்லை.

"ஐயோ, எனக்கென்ன தெரியும்? ஃபுசாயே அக்காதான் நம்மள்ல மூத்தவங்க. போங்கக்கா!"

சொல்லிவிட்டுத் தலையும் வணங்கிவிட்டாள். அப்புறம் மறுக்க முடியுமா?

சுவர் எழுத்தை எப்படியோ புகழ்ந்து முடித்தாள் ஃபுசாயே. இட்சுகோ தேநீரைக் குழைக்கும்போது மணிக்கட்டு நடுங்கியது. கிண்ணம் வந்தது. ஒரு வாய் குடித்தாள்.

"எப்படி இருக்கு?" வழக்கப்படி கேட்டாள் இட்சுகோ.

"ரொம்ப நல்லா இருக்கு."

இன்னும் இரண்டு வாய் குடித்து, விளிம்பைத் துடைத்து, அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் ஃபுசாயே கிண்ணத்தை இறக்கவில்லை. முழுக்கக் குடித்தாள். நிமிர்ந்தபோது, வாங்கக் கை நீட்டியிருந்த நெமோடோ அம்மா காலிக் கிண்ணத்தையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

ஃபுசாயேவுக்குக் காது மடல் வரை சிவந்தது. கொடுத்த வாக்கு போச்சு, தோழியின் மானமும் போச்சு. நெற்றி பாயில் படக் குனிந்தாள்.

"மன்னிச்சுக்கோ இட்சுகோ. முப்பது வருஷமா ஆறினதுதான் எனக்கு வரும். இன்னைக்குத்தான் சூடா குடிச்சேன். நிறுத்த முடியல."

இட்சுகோ அவளையே பார்த்தாள்.

"அப்போ ஒவ்வொரு தடவையும் பிரமாதம், பிரமாதம்னு சொன்னது?"

"உன் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதுதான்."

இட்சுகோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த அறையில் யாரும் அப்படிச் சிரித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிண்ணத்தைக் கொடு, இன்னொண்ணு போடறேன்" என்றாள்.

ஃபுசாயே எழுந்து தன் பழைய இடத்துக்குப் போனாள். "நெமோடோ அம்மா, கொஞ்சம் மேல நகருங்க. இப்போ நீங்கதான் முதல் இடம்."

இரண்டாவது முறை குழைக்கும்போது இட்சுகோவின் கை நடுங்கியதா என்று யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் நெமோடோ அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறை பூட்டப்படவில்லை. அடுத்த மாதமும் கதவைச் சத்தமாகச் சாத்தியது ஃபுசாயேதான். எல்லோரும் செருப்பு மாட்டிக் கிளம்பிய பிறகு இட்சுகோ அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ எங்கடி ஓடற? உட்காரு. உனக்குன்னு சூடா ஒண்ணு வெச்சிருக்கேன்."