தொட்டிச் செடிகளுக்கு இசையமைத்தவர்

பேகம்பூரில் எங்கள் மாடியில் குடியிருந்த அந்த அக்கா ஒடிசலானவர். சிரித்து நான் பார்த்ததில்லை. சாயங்காலமானால் பழைய சிந்தசைசரைத் தொட்டிச் செடிகளுக்கு நடுவே வைத்து, அவற்றுக்கென்றே தான் அமைத்த இசையை வாசிப்பார்.

ஒருநாள் அவருடைய தம்பி வந்தார். "செடிக்குப் பாட்டாம்! ஊரே சிரிக்குது" என்று கத்தியபடி வயரைப் பிடுங்கினார், தொட்டிகளைத் தெருவில் வீசினார்.

"வெளிய போடா! இனிமே இந்தப் படி ஏறாத!" என்று அக்கா போட்ட சத்தத்தில் தெருவே நின்று பார்த்தது. தம்பி போய்விட்டார்.

சிதறிய மண்ணை அள்ளிக்கொண்டே, "செடிக்கு நெசமாவே கேக்குமாக்கா?" என்றேன்.

"யாருக்குத் தெரியும்? இம்புட்டு வருசத்துல என்னைய நிப்பாட்டுன்னு சொல்லாதது இதுக மட்டுந்தான்" என்று சீறினார்.

ஒடிந்த கொடிகளைத் தண்ணீரில் போட்டுவிட்டு அன்று அவர் வாசித்ததில் எங்கள் ஜன்னல்கள் அதிர்ந்தன. சத்தத்தைக் குறைக்கச் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை.