தசரதன் காலர் போட்ட கார்

தசரதன் பிறந்தது பசியாவரத்தில். பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கும் தீவு அது. அங்கே பிறந்த பிள்ளைகள் ஓடப் பழகும்போதே படகில் உட்காரவும் பழகிவிடுவார்கள். தசரதனும் உட்கார்ந்தான். ஆனால் வலையிலிருந்து உதறி விழும் மடவை மீனின் வழவழப்பு கையில் பட்டதும் அவனுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அலைக்கு வாந்தி எடுப்பவர்களைக் குப்பத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மீனுக்கு வாந்தி எடுத்தவன் இவன் ஒருவன்தான். இவனுடைய நைனா குப்பன் அடித்தும் பார்த்தார், கோயிலில் மந்திரித்தும் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. செதில், குடல், நாள்பட்ட இறால் தண்ணீர் என்று எதன் பக்கமும் அவனால் போக முடியவில்லை. கடைசியில் படகு எஞ்சினைத் துடைக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். டீசல் நாற்றம் அவனை ஒன்றும் செய்யவில்லை. கிரீஸ் கைமுட்டி வரை ஏறினாலும் அவனுக்கு அது அழுக்காகத் தோன்றவில்லை.

அப்படித்தான் அவன் மெக்கானிக் ஆனான். அம்பத்தூரில் ஒரு கார் பட்டறையில் பல வருஷம் இருந்தான். பிறகு ஊருக்குத் திரும்பி, திருப்பாலைவனம் போகும் சாலையோரம் வீடு கட்டிக்கொண்டு, பக்கத்திலேயே தகரம் போட்டு ஒரு கொட்டகை அமைத்தான். படகு எஞ்சின், மீன் ஏற்றும் வேன், எப்போதாவது சென்னையிலிருந்து பழைய பழக்கத்தில் வரும் கார் என்று வேலை ஓடியது. மனைவி கஸ்தூரி பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கிறாள். வீட்டுக்குள் நுழையும் முன் எலுமிச்சைத் தோலைக் கையில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவாள். பொரித்து வைத்தால் மட்டும் ஆறு துண்டு தின்கிறானே, அப்போது எங்கே போகிறது அந்தக் குமட்டல் என்று கேட்டுச் சிரிப்பாள்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெகதீஸ்வரன் வந்தான். அம்பத்தூர் நாட்களிலிருந்து தெரிந்தவன். அப்பா சேர்த்த சொத்தில் வாழ்கிறவன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு ஒட்டிய ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தான். வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்பக்கம் ஆடுகிறது, 'டக் டக்' என்று தட்டுகிறது என்றான். அதற்கு மருந்தாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே பளபளவென்று அலுமினிய வளையங்கள். காலர் என்று அவற்றுக்குப் பெயர்.

பின்சக்கரங்களைத் தாங்கும் கனத்த இரும்புச் சட்டத்தை சப்ஃபிரேம் என்பார்கள். நான்கு பெரிய போல்ட்டுகள் அதைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும். போல்ட்டுக்கும் அது நுழையும் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி உண்டு. வேகமான வளைவில் அந்த இடைவெளிக்குள் சட்டம் நகரும். போல்ட்டைக் கழற்றி, சட்டத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி, மேலும் கீழும் காலரைச் செருகி முறுக்கிவிட்டால் இடைவெளி அடைபட்டுவிடும். கம்பெனி பட்டறையில் வெளிச்சாமான் போட மாட்டார்கள். அடுக்குமாடியில் காரைத் தூக்கி வைத்தால் குடியிருப்போர் சங்கத்தார் சண்டைக்கு வருவார்கள். அதனால்தான் தசரதன் வீட்டுக்கு வந்ததாக ஜெகதீஸ்வரன் சொன்னான்.

காரை உள்ளே ஓட்டி வைக்க தசரதன் கதவைத் திறந்தபோதே அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. கண்ணாடியில் மூன்று வாசனை அட்டைகள் தொங்கின. ரோஜா, வெனிலா, இன்னொன்று என்னவென்று தெரியவில்லை. அந்தத் தித்திப்புக்கு அடியில் வேறு ஏதோ அழுகிக்கொண்டிருந்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டி நிறுத்திவிட்டு இறங்கினான். ஏசியில் எலி செத்திருக்கும், அடுத்த வாரம் பார்க்கக் கொடுக்கிறேன் என்றான் ஜெகதீஸ்வரன்.

தசரதன் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினான். சக்கரங்களைக் கழற்றினான். பிரேக் ஒயரைக் கிளிப்பிலிருந்து விடுவித்து, சப்ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கிக்கொண்டு போல்ட்டுகளைத் தளர்த்தினான். அவற்றில் உப்பு பூத்திருந்தது. சென்னையில் ஓடும் காருக்கு இத்தனை உப்பு எப்படி ஏறியது என்று மனத்துக்குள் ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை. கடைசி போல்ட்டும் கழன்றதும் ஜாக்கியை மெதுவாக இறக்கினான். நன்றாகப் பார்ப்பதற்காக மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான்.

சட்டம் இரண்டு விரல்கடை இறங்கியதும், மேலே அடைத்துக்கொண்டிருந்த கருஞ்சேறு ஒரு கட்டியாகப் பெயர்ந்து அவன் கழுத்தில் விழுந்தது. சேற்றுக்குள் ஏதோ நெளிந்தது. புழு. தாடையில் ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று. அதன் பின்னாலேயே நீளமாக, ஈரமாக, தோலும் எலும்புமாக ஒன்று சரிந்து முகத்துக்கு அருகே தொங்கியது. சாம்பலும் வெளிர் ரோஜாவும் கலந்த இறகுகள் அதில் ஒட்டியிருந்தன. முழங்கால் மடிந்த ஒரு நீண்ட கால். பூநாரை.

தசரதன் எப்படி வெளியே வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் குடித்த டீ வரைக்கும் கக்கினான். சட்டையைக் கழற்றி எறிந்தான். குழாயடியில் தலையைக் காட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் ஓடியதே தவிர நாற்றம் போகவில்லை.

ஜெகதீஸ்வரன் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டான். பிறகு சிரித்தான். இதுதானா அந்த நாற்றம், நான் அநியாயமாக ஏசியைச் சந்தேகப்பட்டேன் என்றான். ஈரத் தலையோடு நின்ற தசரதனுக்குப் போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினான். ஏரி வற்றிய பக்கம், ஈரம் காயாத மண்ணில் இந்தக் கார் பாய்கிறது. எதிரே கூட்டமாகப் பூநாரைகள் மேய்கின்றன. கார் நேராகக் கூட்டத்துக்குள் புகுகிறது. பறவைகள் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. மேலே பறந்த டிரோன் அதைப் படம் பிடித்திருக்கிறது. சட்டென்று எழும்ப முடியாத இளம் பறவைகள் கீழே தடுமாறுவதும் அதில் தெரிந்தது.

"ஒண்ணு ரெண்டு அடிபட்டிருக்கும்ணா. ஷாட்டு எப்டி வந்திருக்கு பாருங்க."

தசரதன் போனைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தான். நகங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன. புழு ஊர்ந்தபோது வந்த அருவருப்பைவிட இது மோசமாக இருந்தது. இதைக் கழுவ எந்தக் குழாயடிக்குப் போவது?

"அத நீயே எடுத்து வெளிய போடு" என்றான். அதுவரை அவனை சார் என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

ஜெகதீஸ்வரன் தன்னால் முடியாது என்று பின்வாங்கி, சாலையோரம் போய் நின்றுகொண்டான். சத்தம் கேட்டு வந்த கஸ்தூரி குனிந்து பார்த்தாள். முகத்தைச் சுளிக்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையை உள்ளே விட்டு, சேற்றோடு அந்தச் சிறகையும் காலையும் மிச்சத்தையும் உருவி எடுத்தாள். வீட்டுக்குப் பின்னால் வேலமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தாள். திரும்பி வரும்போது சாலையோரம் நின்றவனை ஒரு தரம் பார்த்தாள். அவள் மார்க்கெட்டில் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை.

கார் அந்தரத்தில் நின்றது. போல்ட்டுகள் நான்கும் தரையில் கிடந்தன. அப்படியே எடுத்துக்கொண்டு போ என்று சொல்லவும் வழியில்லை. தசரதன் உள்ளே தண்ணீரைப் பீய்ச்சி அடித்தான். பிரஷ்ஷால் தேய்த்தான். மறுபடியும் அடித்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு காலர்களுக்குக் கிரீஸ் தடவி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் செருகி, சட்டத்தைத் தூக்கினான். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் சுத்தமாக இருந்தவை அந்த வளையங்கள் மட்டும்தான். அவை துளையில் அத்தனை அழகாக உட்கார்ந்தன. அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை. போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்கினான். சக்கரங்களை மாட்டினான். ஜெகதீஸ்வரன் ஏறி உட்கார்ந்து, இதை யாரிடமும் பேச வேண்டாம் அண்ணா என்றான். தசரதன் கொட்டகைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

அன்று மத்தியானம் அவன் சோற்றில் கை வைக்கவில்லை. ஒரு கேள்வி மட்டும் அரித்தது. அந்த மண்ணில் எங்கே கால் புதையும், எங்கே புதையாது என்று ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். சென்னைக்காரன் தனியாகப் போயிருந்தால் கார் முதல் வளைவிலேயே சேற்றில் முழுகியிருக்கும். வழி காட்டியது யார்?

கஸ்தூரியின் தம்பி விக்கி சுற்றுலா வருகிறவர்களைப் படகில் ஏற்றிப் பறவை காட்டுகிறவன். மாலையில் அவன் வந்ததும் தசரதன் கேட்டான். விக்கி மறைக்கவில்லை. கெட்டி மண் எது என்று முன்னால் பைக்கில் போய்க் காட்டியது தான்தான் என்றான்.

"எல்லாரும்தான் போறாங்க மாமா. நான் காட்டலன்னா வேற எவனாச்சும் காட்டுவான். பறவதான, அடுத்த வருசம் வராம இன்னா பண்ணும்?"

கஸ்தூரி தம்பிக்காகத் தட்டில் போட்டிருந்த சோற்றைத் திரும்பப் பானையில் கொட்டினாள். விக்கி எழுந்து போனான்.

மறுநாள் தசரதன் வனத்துறைக் காவலரைப் போய்ப் பார்த்தான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீடியோவை அவன் அழித்திருப்பான், வாய்வார்த்தையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, பறவையின் உடல் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்றார். கஸ்தூரி விடிவதற்கு முன்பே மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை காத்திருக்கலாம் என்று தசரதன் முதலில் நினைத்தான். பிறகு மண்வெட்டியை எடுத்தான்.

வேலமரத்தடி மண் இளகியிருந்தது. இரண்டு வெட்டிலேயே நாற்றம் கிளம்பியது. மண்வெட்டியால் எடுத்தால் எலும்பு உடைந்துவிடும் என்று தோன்றவே குந்தி உட்கார்ந்து கையை விட்டான். தோல் விரல்களோடு வழுக்கிக்கொண்டு வந்தது. பாதியில் நிறுத்தி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தான். திரும்பி வந்து மறுபடியும் கையை விட்டான். சிறகு, கால், வளைந்த அலகோடு பாதித் தலை. எல்லாவற்றையும் பழைய மீன்பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போய்க் காவலரின் முன்னால் இறக்கினான். அவர் மூடியைத் திறந்துவிட்டு உடனே மூடினார். பிறகு அவனை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

அதன் பிறகு வேலைகள் நடந்தன. ஜெகதீஸ்வரனின் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அடியில் தசரதனின் பிரஷ் எட்டாத மூலையில் இன்னும் இறகு ஒட்டியிருந்ததாம். விக்கியை விசாரித்தார்கள். அவன் நடந்ததைச் சொல்லிச் சாட்சியாகச் சேர்ந்துகொண்டான். அவன் படகு சில மாதம் கரையிலேயே கிடந்தது. ஊரில் பாதிப் பேர் தசரதன் செய்தது சரி என்றார்கள். மீதிப் பேர், நம்பி வந்தவனைக் காட்டிக் கொடுத்தான், மச்சானையும் மாட்டிவிட்டான், இனி கார்க்காரர்கள் யாரும் இந்தப் பக்கம் வர மாட்டார்கள் என்றார்கள். ஜெகதீஸ்வரனின் நண்பர்கள் யாரோ, இந்த மெக்கானிக்கிடம் போகாதீர்கள் என்று இணையத்தில் எழுதினார்கள். சென்னை வேலை நின்றுபோனது. படகுக்காரர்கள் மட்டும் எப்போதும் போல எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பொன்னேரி கோர்ட்டில் வழக்கு வந்தபோது எதிர்த்தரப்பு வக்கீல் தசரதனைக் கூண்டில் ஏற்றி நிறையக் கேட்டார். பறவையைப் பார்த்து அத்தனை அருவருப்பு வந்தவர், அதே காரில் ஏன் வேலையை முடித்துக் கொடுத்தீர்கள் என்பது அதில் ஒன்று.

தசரதன் சொன்னான்: "கழட்டுனத மாட்டாம வண்டிய ரோட்டுல வுட முடியாதுங்க. எவன் மேலயாச்சும் போய் ஏறும். அதனால மாட்டுனேன். மாட்டுன கைய இன்னிக்கும் எனக்குப் புடிக்கல."

வக்கீல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வழக்கு இன்னொரு தேதிக்குத் தள்ளிப்போனது. இன்னும் முடியவில்லை.

அன்று கோர்ட்டுக்கு வெளியே விக்கியும் நின்றிருந்தான். டீ வாங்கி வரட்டுமா மாமா என்று கேட்டான். தசரதன் வேண்டாம் என்றான். பழவேற்காடு போகும் பஸ் வந்ததும் இருவரும் ஏறினார்கள். விக்கி தன் பக்கத்தில் அவனுக்கு இடம் பிடித்து வைத்தான். தசரதன் ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.