கோயில் வாசலில் உடைந்த இசைத்தட்டுகள்

என் அண்ணன் பட்டாளத்தில் லாரி ஓட்டினான். சண்டை முடிந்து கம்பத்துக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குத் திரும்பியபோது ஒரு கிராமபோன் பெட்டியையும், தடித்த புத்தகம் போன்ற ஓர் ஆல்பத்தையும் கொண்டுவந்தான். புரட்டினால் காகித உறைகள். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு கறுப்புத் தட்டு. கிறிஸ்துமஸுக்கென்றே வெள்ளைக்காரர்கள் சேர்த்துப் போட்டவை. ஒன்றில் ஆணும் பெண்ணுமாகக் கூடிப் பாடினார்கள். ஒன்றில் பெரிய வாத்தியக் கூட்டமே வாசித்தது. பாட்டே இல்லாமல் ஆர்கனும் பிடிலும் மட்டும் இழைகிற தட்டும் இருந்தது.

எனக்கு அத்தை மகனை நிச்சயம் செய்திருந்தார்கள். எங்கள் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டுக் குழுவை நடத்தியவர் அவர்தான்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து, பாலன் இயேசுவின் குடிலுக்கு முன்னால் குழு பாடுவது வழக்கம். அன்று அண்ணன் பெட்டியைக் குடிலுக்கு எதிரே வைத்து, ஒரு தட்டு மட்டும் என்று பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கியிருந்தான். ஒன்று முடிந்ததும் சனங்கள் இன்னொன்று கேட்டார்கள். பிறகு மற்றொன்று. குழுவினர் வெயிலில் நின்றார்கள். அத்தை மகன் ஆர்மோனியத்தைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"போதும் மச்சான். நாங்க ஒரு மாசமாப் பாடிப் பழகிருக்கோம்."

"ஒங்க கத்தல வருசா வருசம் கேக்கத்தான செய்றாக. இன்னைக்காச்சும் காது குளுரட்டும் மாப்ளே."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அத்தை மகனுடைய முகம் கறுத்தது. எழுந்து வந்து, ஓடுகிற தட்டின் மேலிருந்த ஊசியைப் பிடுங்கினார். கிறீச்சென்று ஒரு சத்தம். ஆல்பத்தை இரண்டு கைகளாலும் தூக்கிக் கோயில் படியில் ஓங்கி அறைந்தார். மறுபடியும் அறைந்தார். உறைகள் கிழிந்து கறுப்புச் சில்லுகள் சிதறின. திரும்பிப் போய் ஆர்மோனியத்தின் மேல் கை வைத்தார்.

அண்ணன் பெட்டியை முடுக்குகிற இரும்புக் கைப்பிடியை உருவி அந்தக் கையில் அடித்தான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. இன்னும் ஓங்கினான். குழுவில் ஒருவன் அண்ணனின் நெஞ்சில் உதைக்க, அண்ணனின் கூட்டாளிகள் பந்தல்காலைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். விலக்கப் போன சாமியாருக்கும் தோளில் ஓர் அடி. ஆர்மோனியத்தை யாரோ மிதித்துத் துருத்தியைக் கிழித்தார்கள். வெறுங்காலோடு ஓடியவர்கள் சில்லுகளை மிதித்ததில் படியெல்லாம் ரத்தம்.

நான் அண்ணன் மேல் பாய்ந்து மணிக்கட்டைக் கடித்தேன். என் முடியைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. வாயில் உப்புக் கரித்தது.

"ஏத்தா, விடு! நான் ஒன் அண்ணன்!"

வாயை எடுத்தால்தானே பதில் சொல்ல முடியும்? கைப்பிடி கீழே விழுந்த பிறகுதான் விட்டேன். "அவுக விரல ஒடச்சுட்டியே, பாவி!" என்று அவன் முகத்தில் அறைந்தேன். அதற்குள் எங்கள் அப்பா வந்து, இடுப்பு வாரைக் கழற்றி, அத்தனை பேர் நடுவிலும் அண்ணனை விளாசினார். அண்ணன் கை ஓங்காமல் அத்தனையும் வாங்கிக்கொண்டான்.

அத்தை கல்யாணப் பேச்சை முறித்தாள். நானே நேரே போய் அத்தை மகன் முன்னால் நின்றேன். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அந்தத் தட்டு ஒனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

பொய் சொல்ல வரவில்லை. "அந்தப் பிடிலு பிடிச்சிருந்துச்சு" என்றேன்.

"எனக்குந்தேன். அதக் கேக்கக் கேக்கத்தேன் ஆத்திரம் மீறிருச்சு."

அவர் அத்தையிடம் ஒற்றைக்காலில் நிற்க, ஈஸ்டர் கழிந்து எங்கள் கல்யாணம் நடந்தது. அத்தை வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய இரண்டு விரல்கள் கடைசிவரை மடங்கவில்லை. மிச்ச விரல்களால் வாசித்தார், சில பாட்டுகளை விட்டுவிட்டார். அண்ணன் சின்னமனூரிலிருந்து மேகமலை எஸ்டேட்டுகளுக்கு லாரி ஓட்டப் போய்விட்டான். என் மூத்த மகளின் ஞானஸ்நானத்துக்கு ஏலக்காய் மூட்டையோடு வந்து தெருவிலேயே நின்றான்.

என் வீட்டுக்காரர்தான் வெளியே போனார். "மச்சான், வெயில்ல ஏன் நிக்கிறீக? உள்ள வாங்க."

அண்ணன் வந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவரவர் இலையைப் பார்த்தே சாப்பிட்டார்கள்.